பதினேழாம் கை

தாரணிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஆனாலும் ஒன்பது வருஷமாக அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார். முகம் தெரியாது, பேர் தெரியாது, எந்த ஊர்க்காரர் என்பதும் தெரியாது. கை மட்டும் தெரியும். காலையில் பட்டறைக்கு வந்து உறையை மாட்டினால் அந்தக் கை அவள் கைக்குள் வந்து உட்காரும். சாயங்காலம் கழற்றினால் போய்விடும்.

உறை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் எவரிடமும் இரண்டு மூன்று ஜோடி ஆணியில் தொங்கும். மணிக்கட்டைத் தாண்டி நாலு விரற்கடை வரும் மெல்லிய துணி, உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள். கைதேர்ந்த ஒருவரின் கை லேத்தில் எப்படியெல்லாம் அசைந்தது என்பதை அந்தக் கம்பிகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும். அதை மாட்டிக்கொண்டவர் நேற்றுவரை இட்லிக் கடையில் மாவு ஆட்டியவராக இருந்தாலும் கவலையில்லை. எங்கே நிறுத்த வேண்டும், எப்போது லீவரைத் தூக்க வேண்டும் என்பதை உறை விரலில் லேசாகச் சுண்டிச் சொல்லிக் கொடுத்துவிடும்.

ஒரே மாதிரி ஆயிரம் உருப்படி வேண்டும் என்றால் அதற்குத் தானே ஓடும் மெஷின்கள் இருக்கின்றன. ஆனால் ஓடாமல் நின்றுபோன பழைய பம்புக்கு ஒரே ஒரு புஷ், கடையை மூடிவிட்டுப் போன கம்பெனியின் நூற்பு மெஷினுக்கு ஒரே ஒரு நட்டு என்றால் மனிதக் கைதான் வேண்டும். அந்த ஒற்றை வேலைகளுக்குத்தான் உறை. கைகளுக்கு நம்பர் உண்டு. தாரணிக்கு முதல் நாள் கிடைத்தது பதினேழு.

ஒரு மாதத்திலேயே அவள் பதினேழை அண்ணன் என்று சொல்ல ஆரம்பித்தாள். "அண்ணன் பாத்துக்குவாரு" என்றுதான் மெஷினைப் போடுவாள். அவள் கணவன் பிரகதீஷ் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், வாய்த்துடுக்குக்காரன். மனைவியின் அண்ணன் தனக்கு மச்சான் அல்லவா? "என்ன புள்ள, மச்சான் இன்னைக்கு ஒழுங்கா வேலை செஞ்சாப்டியா? ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வரச் சொல்லு, கறி எடுக்கலாம்" என்பான். ஏழு வயது மகள் ரித்திகா, கண்ணால் பார்த்தே இராத அந்த மாமாவுக்குத் தீபாவளிக்கு ஒரு அதிரசம் எடுத்து வைப்பாள். அதைப் பிரகதீஷ்தான் தின்பான்.

அண்ணனை அவர் பழக்கங்களை வைத்து தாரணி உருவாக்கி வைத்திருந்தாள். உருப்படியைப் பிடித்துச் சுற்றும் 'சக்'கைச் சுற்ற விடுவதற்கு முன்னால் பதினேழு ஒரு காரியம் செய்யும். வலக்கை போய் இடது மணிக்கட்டில் எதையோ முழங்கைப் பக்கம் தள்ளும். இடக்கை வலது மணிக்கட்டில் அதையே செய்யும். அப்புறம் முழங்கைக்குக் கீழே ஒரு சுற்று, ஒரு செருகல். ஆக, அண்ணன் ஒரு கையில் காப்புப் போட்டிருக்கிறார், இன்னொரு கையில் வாட்ச் கட்டியிருக்கிறார், முழுக்கைச் சட்டையை ஒழுங்காக மடித்துவிட்டுத்தான் வேலையில் இறங்குவார் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். சுத்தக்காரர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். ரித்திகாவைக்கூடத் திட்ட மாட்டார்.

கூலி விஷயம்தான் அண்ணன் இருந்தும் சரிப்படவில்லை. வெறுங்கைக்காரருக்கு ஒரு கூலி, உறைக்காரருக்கு அதில் பாதி. ஊர் முழுக்க அப்படித்தான். பட்டறை முதலாளி லோகநாதனிடம் அவள் ஒரு தரம் நேராகவே கேட்டாள்.

"ஏனுங்ணா, புஷ்ஷு ஒண்ணுதான? வெறுங்கைல கடைஞ்சா முழுசு, ஒறை போட்டுக் கடைஞ்சா பாதியா?"

"கடையறது நீ இல்லையே தாரணி" என்றார் லோகநாதன். கெட்ட மனுஷர் இல்லை, உள்ளதைச் சொல்கிறவர். "ஒறைக்குள்ள நடக்கறதெல்லாம் ஒறைக்குச் சொந்தம். அதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் நாமெல்லாம் மாட்டறோம். மீதிப் பாதிய நானா திங்கறேன்? மாசமானா வாடகைன்னு அந்தக் கம்பெனிக்குல்ல அழுவறேன்."

"அப்பறம் வெறுங்கை ஆளையே வெச்சுக்கறது."

"எங்க இருக்கான் சொல்லு, நாளைக்கே முழுக் கூலி தர்றேன். நாலு வருசம் அரைக் கூலிக்குக் கை பழகோணும்னு எவன் வருவான்? ஒறையப் போட்டா நாலாவது நாளே அதே அரைக் கூலி வருது. ஆள் இல்லைன்னு ஒறை வந்துச்சு. ஒறை வந்ததுனால ஆளே இல்லாமப் போச்சு. வெதைநெல்லக் குத்திச் சோறாக்கித் தின்னுட்டு மானத்தப் பாத்து உக்காந்திருக்கறோம்."

லோகநாதனுக்கும் அவளுக்கும் இந்த மாதிரி வாய்ச்சண்டை அவ்வப்போது வரும், போகும். பெரிய சண்டை என்று ஒன்றே ஒன்றுதான் நடந்தது, அதுவும் அவளோடு இல்லை, அவள் அம்மாவோடு. ரித்திகா வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டார்கள். இரண்டு கையிலும் முட்ட முட்டக் கண்ணாடி வளையல். மறுவாரம் தாரணி அதோடு வேலைக்கு வந்து நின்றாள். சுற்றுகிற சக்குக்குப் பக்கத்தில் வளையலா என்று லோகநாதன் தலையில் அடித்துக்கொண்டார். அவள் அம்மா அடுத்த தெருவிலிருந்து கிளம்பி வந்து, வளைகாப்பு வளையலைப் பிள்ளை பிறக்கிற வரை கழற்றக் கூடாது, கழற்றச் சொல்கிறவன் வீடு விளங்காது என்று பட்டறை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசியில் லோகநாதன்தான் இறங்கி வந்தார். கூலி வேண்டியிருந்ததால் பிரசவத்துக்கு முந்தின வாரம் வரை தாரணி வந்தாள். அந்த நாட்களில் அண்ணன் சுண்டுவதுகூட மெதுவாக, பார்த்துப் பார்த்துச் சுண்டுகிற மாதிரி அவளுக்கு இருந்தது.

இப்போது ஒரு இரண்டு மூன்று வருஷமாகத்தான் அண்ணன் கொஞ்சம் மெத்தனம். சுண்டு தாமதமாக வந்தது. அவள் லீவரைத் தூக்கி முடித்த பிறகு, வேண்டா வெறுப்பாக ஒரு சுண்டு. தாரணி புகார் சொல்லி, உறைக் கம்பெனியிலிருந்து ஒரு பையன் பெட்டியோடு வந்து எல்லாக் கம்பியையும் சோதித்தான்.

"ஒறை சரியாத்தாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"அண்ணனுக்கு வயசாயிருச்சுங்க" என்றாள் தாரணி அன்று இரவு சாப்பாட்டில்.

"பதிஞ்சு வெச்ச கைக்கு எப்படிப் புள்ள வயசாகும்?" என்றான் பிரகதீஷ்.

"ஏன், ஆகக் கூடாதா?" என்று அவள் கோபித்துக்கொண்டாள். மச்சானுக்காக வக்காலத்து வாங்குகிறவளிடம் என்ன பேசுவது என்று அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் லோகநாதன் அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்லும் முதலாளி நல்ல சேதி சொல்வதில்லை.

"பதினேழுக்கு வாடகை ஏத்தீட்டாங்க தாரணி. கொஞ்சநஞ்சம் இல்ல. ராஜ்கோட்ல கேக்கறாங்களாமா, ஓசூர்ல கேக்கறாங்களாமா, கடல் தாண்டிக் கேக்கறாங்களாமா. எஸ்.எஸ். இரும்புல உள் திரெட் போடறதுக்குப் பதினேழ அடிச்சுக்க கையே கிடையாதுங்கறாங்க. நம்ம பட்டறைக்கு இனிக் கட்டாது."

தன் அண்ணனைக் கடல் தாண்டிக் கேட்கிறார்கள் என்றதும் தாரணிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் சேதி உறைத்தது.

"அப்ப நானு?"

"அடுத்த மாசத்துலருந்து நாப்பதாம் நம்பர் எடுக்கறேன்."

"நாப்பதா? அது கதவு தட்டற மாதிரித் தட்டுமுங்ணா. அதப் போட்டுட்டு உள் திரெட்டா?"

"உள் திரெட் வேலைய விட்ர வேண்டியதுதான். உன்ன பேக்கிங்ல போடறேன்." லோகநாதன் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இல்லைன்னா இன்னொண்ணு இருக்குது. பட்டறைச் சங்கத்துல இந்த மாசக் கடைசில கைப் பரீட்சை வெக்கறாங்க. வெறுங்கைல ஒரு உள் திரெட் போட்டுக் காட்டிப் பாஸ் பண்ணீட்டீன்னா நீ கைக்காரி. முழுக் கூலி. எனக்கும் வாடகை மிச்சம், மனசாரத் தர்றேன்."

பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டிக்கு நாடா ஒட்டுவது. கூலி இப்போது வாங்குவதிலும் பாதி. அது போனால் ரித்திகாவின் பள்ளிக்கூடம் மாறும், வீடு மாறும். அதைவிட, லேத்தை விட்டுப் போவதைத்தான் தாரணியால் நினைக்க முடியவில்லை. இரும்பிலிருந்து நீலச் சுருள் உரிந்து வருவதை அவள் அவ்வளவு ஆசையாகப் பார்ப்பவள். அன்று மதியமே உறையைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு மெஷினில் நின்றாள்.

உள் திரெட் என்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. துளைக்குள்ளே டூல் மரை வெட்டிக்கொண்டு போகும், துளையின் கடைசியில் சுற்றிலும் வெட்டிய ஒரு சின்னப் பள்ளம், காடி. அந்தக் காடிக்குள் டூல் வந்த கணத்தில் லீவரைத் தூக்க வேண்டும். முந்தினால் மரை அரைகுறை. பிந்தினால் டூல் சுவரில் முட்டிச் சிதறும். பார்க்க முடியாது, கைதான் சொல்ல வேண்டும். தாரணி கையை லீவரில் வைத்துக்கொண்டு சுண்டுக்காகக் காத்திருந்தாள். எங்கிருந்து வரும்? டூல் போய்ச் சுவரில் முட்டியது. மறுநாளும் முட்டியது, அதற்கு மறுநாளும். லோகநாதன் உடைந்த டூல் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"கை என்னுது இல்லீங்" என்று அவள் வீட்டில் அழுதாள். "ஒம்போது வருசமா அவரு கைய வெச்சுப் பொழைச்சுட்டு, இப்பப் பாத்தா எனக்குன்னு ஒரு கையே இல்லீங்."

பிரகதீஷ் கிண்டல் செய்யவில்லை. "மச்சானையே போய்ப் பாத்தா என்ன?" என்றான்.

பதினேழு யாருடையது என்று கம்பெனி சொல்லாது. ஆனால் லோகநாதனுக்கு ஒரு வதந்தி தெரிந்திருந்தது. ஆரம்ப நாளில் கை பதிவு செய்யப் போனவர்களில் ஆறுச்சாமி என்று ஒருவர் இருந்தார், பதினேழு தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார், இப்போது சரவணம்பட்டியில் காளான் கடை வைத்திருக்கிறார். அவ்வளவு போதாதா? தாரணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். ஒரு தட்டில் பழம், வேட்டி துண்டு, அதோடு கடைவீதியில் பார்த்துப் பார்த்து வாங்கிய ஒரு எஃகுக் காப்பு. ஒன்பது வருஷமாகத் தள்ளித் தள்ளி அவர் காப்பு தேய்ந்திருக்குமே என்று நினைத்தாள்.

தள்ளுவண்டிக்குப் பின்னால், கல்லில் காளானைக் கொத்திக்கொண்டு, கையில்லாத பனியனில் ஒரு குண்டு மனிதர் நின்றிருந்தார். கூட்டத்தைப் பார்த்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தார். முழுக்கைச் சட்டையும் இல்லை, அமைதியும் இல்லை. தாரணி விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"என் கையா? என் கையப் போட்டுக்கிட்டா ஒம்போது வருசம் வேலை செஞ்சீங்? அடக் கடவுளே. கூப்புட்டாங்க, மூணு நாள் போய் ஒறைய மாட்டிக்கிட்டு வேலை செஞ்சேன். கொடுத்த பணத்துல இந்த வண்டி வாங்கினேன். பட்டறைக்காரங்க எல்லாம் ஒறைக்கு மாறீட்டாங்க, எனக்கும் வேலை போச்சு. என் கையே என் வேலையத் தின்னுருச்சு பாருங்." இதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"உள் திரெட் எப்படிங்ணா அவ்வளவு சுத்தமாப் போட்டீங்க? லீவர எத வெச்சுத் தூக்குவீங்க? அத மட்டும் சொன்னீங்கன்னாப் போதும்."

ஆறுச்சாமி கையை விரித்தார். "அம்மிணி, நான் எம் பொழப்புல உள் திரெட் போட்டதே இல்லீங். இரும்போட மொகத்தச் சீவி, ஓட்டை போட்டுக் குடுக்கற ஆளு நான். அந்த மூணு நாளும் அதைத்தான் செஞ்சேன்."

"காப்பு…" என்றாள் தாரணி.

"மெஷின்ல நிக்கறவன் கையில காப்புப் போடுவானுங்களா? அறுத்துட்டுப் போயிரும். வாட்ச்சும் கட்ட மாட்டோம்."

வாங்கி வந்ததைத் திருப்பிக் கொண்டுபோவது மரியாதை இல்லை. தட்டை அவரிடம் நீட்டினாள். அவர் காப்பை எடுத்து உடனே மாட்டிக்கொண்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டு தட்டுக் காளான் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார். பிரகதீஷ் அவரை மச்சான் என்று கூப்பிட்டுச் சாப்பிட்டான். தாரணிக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அண்ணன் இவர் இல்லை என்றால், இத்தனை நாள் தன் விரலைப் பிடித்து நடத்தியது யார்? பரீட்சைக்கு இனி யாரிடம் போய்க் கேட்பது?

யாரும் கிடைக்காமலே பரீட்சை நாள் வந்தது. சங்கத்துக் கூடத்தில் இரண்டு வரிசை லேத் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் உறைக்காரர்களுக்கு வருஷாந்திரச் சோதனை. அங்கே கூட்டம் நெரிந்தது. இன்னொரு பக்கம் வெறுங்கைக்காரர்களுக்கு. அங்கே தாரணியைத் தவிர ஒரே ஒருவர்தான் பேர் கொடுத்திருந்தார், அவரும் வரவில்லை. பரீட்சை வைக்க வந்த சங்கத்துக்காரர் காலி நாற்காலிகளைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். இவள் வந்து நின்றதும், இடம் மாறி வந்துவிட்டாளோ என்று ஒரு பார்வை பார்த்தார்.

டீ கொடுத்தார்கள். தாரணி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உறை வரிசையை வேடிக்கை பார்த்தாள். முதல் மெஷினில் ஒருவர் நின்றிருந்தார். ஆறடி உயரம், காது வரை மீசை, கடா மாதிரிக் கழுத்து. அவர் மெஷினைப் போடுவதற்கு முன்னால் வலக்கையால் இடது மணிக்கட்டில் எதையோ முழங்கைப் பக்கம் தள்ளினார். இடக்கையால் வலதில் தள்ளினார். ஒரு சுற்று, ஒரு செருகல். உறையைத் தவிர மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை.

அவர் வேலையை முடித்து டீக்கு வரும் வரை தாரணி காத்திருந்தாள். ஓசூரிலிருந்து சோதனைக்கென்றே வந்திருக்கிறார், பெயர் முனிராஜ்.

"பதினேழுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க்கா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நானும் பதினேழுதான். காப்பையும் வாட்சையும் மேல தள்றீங்கள்ல."

முனிராஜ் மீசைக்குள் சிரித்தார். "நாங்களும் மொதல்ல அப்படித்தாங்க்கா நெனச்சோம். ஒரு நாளு ஒறைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி சும்மா பழகிட்டு இருந்தேன். என் சம்சாரம் பாத்துட்டா. அப்ப அவளுக்கு எட்டாம் மாசம். 'நான் பண்றத நீ எதுக்குய்யா பண்றே'ன்னு கேட்டா. என்னாடின்னு பாத்தா, பாத்திரம் கழுவ உக்காந்தவ வளைகாப்பு வளையல ரெண்டு கையிலயும் மேல தள்ளி, எறங்காம இருக்க ஒரு துணியச் சுத்திச் சொருவுறா. அச்சு அசலா இதேதாங்க்கா. யாரோ மாசமா இருந்த பொம்பள, வளையலோட மெஷின்ல நின்னிருக்காங்க. பாவம், என்ன கஷ்டமோ. அன்னையிலருந்து எங்க பட்டறையில எல்லாருமே இந்தக் கைய அக்கான்னுதான் சொல்றது. 'அக்கா பாத்துக்குவாங்க'ன்னு சொல்லிட்டுத்தான் மெஷினப் போடுவோம்."

தாரணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

அந்தத் துணி அவளுக்கு நினைவு இருந்தது. லோகநாதனின் மனைவி பழைய பாவாடையைக் கிழித்துக் கொடுத்தது, பச்சைப் பூப்போட்டது. வளையல் உறைமேல் வழுக்கி வழுக்கி இறங்கும். ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் தள்ளிச் செருகிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். மகள் பிறந்து, வளையலைக் கழற்றி, துணி அடுப்படிக் கரித்துணியாகிப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. உறை மட்டும் மறக்கவில்லை. அண்ணனின் அந்தப் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. உறை சொல்லிக் கொடுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது கற்றுக்கொண்டும் இருந்திருக்கிறது. ஆறுச்சாமியின் மூன்று நாள் வேலையின் மேல் அவளுடைய ஒன்பது வருஷத்தை அடுக்கி அடுக்கி வைத்து, அதைத்தான் கம்பெனி ராஜ்கோட்டுக்கும் ஓசூருக்கும் கடல் தாண்டியும் வாடகைக்கு விட்டிருக்கிறது. அந்த வாடகைதான் அவள் பட்டறையால் கட்ட முடியாத வாடகை.

சுண்டு ஏன் பிந்தி வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அண்ணனுக்கு வயதாகவில்லை. அவள் கை முந்திக்கொண்டிருந்தது. உறை பின்னால் ஓடி வந்து, சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் போய்ப் புகார் சொல்லி ஆளைக் கூப்பிட்டவள் அவள்.

கோபம் வந்தது, ரொம்பவே வந்தது. எத்தனை அரைக் கூலி. ஆனால் அதற்கும் முன்னால் வந்தது துக்கம்தான். ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரத்தில் அவளுடைய அண்ணன் இல்லாமல் போய்விட்டார். முழுக்கைச் சட்டை, காப்பு, யாரையும் திட்டாத அந்தச் சுபாவம் எல்லாம் போய்விட்டது. பேர் கூப்பிட்டார்கள்.

வெறுங்கையோடு மெஷின் முன்னால் நின்றாள். உருப்படியை மாட்டினாள். எஸ்.எஸ்., உள் திரெட். கை தானாகப் போய் இல்லாத வளையலை மேலே தள்ளி, இல்லாத துணியைச் செருகியது. இத்தனை நாளும் டூல் முட்டியதற்குக் காரணம் ஒன்றுதான், அவள் காத்திருந்தாள். இந்தத் தரம் காத்திருக்கவில்லை. டூல் துளைக்குள் போனது. சத்தம் ஒரு மாதிரி இருந்தது, கொஞ்சம் மாறியது, லீவரில் இருந்த கை தூக்கிவிட்டது. தூக்கிய பிறகுதான் தூக்கினோம் என்று அவளுக்கே தெரிந்தது. மறுபடி உள்ளே போனது, மறுபடி தூக்கியது. எங்கும் முட்டவில்லை.

சங்கத்துக்காரர் அளவு பார்க்கும் கேஜை எடுத்து வந்தார். அதற்கு இரண்டு முனை. ஒன்று உள்ளே போக வேண்டும், இன்னொன்று எவ்வளவு திருகினாலும் போகவே கூடாது. போக வேண்டியது வெண்ணெய் மாதிரி இறங்கியது. போகக் கூடாதது வாசலிலேயே நின்றுவிட்டது. அவர் கொட்டாவியை மறந்து நிமிர்ந்தார்.

"யார்கிட்டங்க கை பழகினீங்க?"

தாரணி யோசித்தாள். "கணபதில, லோகநாதன் பட்டறைங்க" என்று மட்டும் சொன்னாள்.

வாசலில் வண்டியோடு நின்ற பிரகதீஷ் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். "முழுக் கூலியா? அப்ப மச்சானுக்கு ஒரு கும்புடு போட்ரலாம்" என்றான்.

"உங்களுக்கு மச்சானே கெடையாதுங்க" என்றாள் தாரணி. சொல்லும்போது சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. நடந்ததைச் சொன்னாள்.

"கேஸ் போடலாமா?" என்றான் அவன்.

"ஒறைக்குள்ள நடந்ததெல்லாம் ஒறைக்குச் சொந்தம்னு அன்னைக்கே ஒத்துக்கிட்டமுங்க. போட்டாலும் நாம கெழவன் கெழவி ஆகறப்பத்தான் முடியும். இருங்க, ஒரு நிமிசம் வந்தர்றேன்."

முனிராஜ் கூடத்தின் வாசற்படியில் இன்னும் நின்றிருந்தார். உறையைக் கழற்றவில்லை. வெறுங்கை வரிசையில் ஒரு பொம்பளை மெஷினைப் போடும் முன் மணிக்கட்டை எப்படித் தள்ளினாள் என்பதை அவர் பார்த்திருந்தார். தாரணி கிட்டே வந்ததும் எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் நின்றார். அவ்வளவு பெரிய உடம்புக்குள் குழந்தை மாதிரி ஒரு கூச்சம்.

"வீட்ல பொறந்தது என்னங்க?" என்று தாரணியே பேச்சை ஆரம்பித்தாள்.

"பொண்ணுங்க்கா. வர்ற மாசம் ஒரு வயசு."

"எனக்கும் பொண்ணுதான்." பிறகு அவருடைய உறை மாட்டிய கையைக் காட்டிக் கேட்டாள். "சுண்டு எப்ப வருதுங்க? உங்க கை போறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னாலதாங்க்கா. அது சொல்லித்தான நான் செய்யறேன்."

"ஒரு நாளைக்குப் பின்னால வரும். அன்னைக்கு ஒறை மெத்தனமாயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க. ஆளக் கூப்புட்டுப் புகார் சொல்லாதீங்க."

"வேற என்னங்க்கா செய்யோணும்?"

"கழட்டி ஆணியில மாட்டிட்டு, நேராப் போயி முழுக் கூலி கேளுங்க. உங்க பட்டறையில எல்லாத்துக்கும் சொல்லுங்க. அக்கா சொன்னாங்கன்னு சொல்லுங்க."

முனிராஜ் தன் இரண்டு கைகளையும் ஒரு தரம் குனிந்து பார்த்தார். அப்புறம் உறையோடேயே அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்கு உறை சுண்டியிருக்காது. அந்தக் கும்பிடு அவருடைய சொந்தக் கை போட்டது.